ஹீரோவுக்குக் கடைசி இடம்: அனிமேவிலிருந்து சொந்த கார்டு செட்

அனிமே பார்த்து முடித்த சூட்டோடு கார்டு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஹீரோவைத்தான். 7/7 பலம், பறக்கும், சாகாது, இறங்கியதும் எதிராளியின் மேசை காலி. அடுத்து வில்லன், அவனுக்கு 8/8. பிறகு ஹீரோவின் நண்பர்கள். இருபது கார்டு ஆனதும் நோட்டு மூடப்படும், ஏனென்றால் அந்த இருபதை வைத்து ஆட முடியாது. எல்லாரும் தளபதிகள், படை இல்லை.

இந்த அத்தியாயம் தலைகீழாகப் போகிறது. கதை உலகின் சட்டம் முதலில், சாதாரண கார்டுகள் அடுத்து, ஹீரோ கடைசியில்.

எடுத்துக்காட்டாக நாம் எடுப்பது அராகாவா ஹிரோமுவின் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்'. விளையாட்டு விதிகளுக்கு 'மேஜிக்: தி கேதரிங்', ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-ல் வெளிவந்தது. விதிகளையும் நாமே உருவாக்கினால் என்ன என்று தோன்றும். முதல் செட்டுக்கு வேண்டாம். விதி, கார்டு இரண்டும் புதிது என்றால், ஆட்டம் கெடும்போது கோளாறு எதில் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நீங்கள் சில முறையாவது மேஜிக் டிராஃப்ட் ஆடியவர் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொரு எச்சரிக்கை: கதையின் ரகசியங்கள் பல இங்கே உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள்

மாங்கா 2001 முதல் 2010 வரை வந்தது, 27 தொகுதிகள். போன்ஸ் ஸ்டுடியோ அதை இரண்டு முறை அனிமே ஆக்கியது. 2003-ல் வந்தது 51 பகுதிகள். மாங்கா முடியாத நிலையில் தொடங்கியதால் பாதியில் கிளை பிரிந்து சொந்தக் கதையில் போய்விட்டது. 2009-ல் தொடங்கிய 'பிரதர்ஹுட்' 64 பகுதிகள். மாங்காவின் வழியே செல்வது.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? 2003 வடிவத்தில் கிங் பிராட்லிதான் பிரைட். பிரதர்ஹுட்டில் அவரே ராத். ஒரே செட்டில் இரண்டும் இருந்தால் டிராஃப்ட் மேசையில் விவாதம்தான் நடக்கும், ஆட்டம் நடக்காது. நாம் பிரதர்ஹுட்டை எடுக்கிறோம்.

படி 2: உலகின் சட்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வாக்கியம். நம்முடையது: ஒன்றைப் பெற, அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடுக்க வேண்டும். இந்தக் கதையில் நல்லவர், கெட்டவர், ராணுவம், சாமியார் எல்லாருமே இந்தச் சட்டத்துக்கு அடங்குகிறார்கள், அல்லது அதை ஏமாற்றப் பார்க்கிறார்கள். எட்வர்டும் அல்ஃபோன்ஸும் இறந்த தாயைத் திருப்பிக் கொண்டுவர முயன்று, ஒருவன் காலையும் கையையும், இன்னொருவன் உடல் முழுவதையும் இழந்தது இந்தச் சட்டத்தால்தான். தத்துவஞானியின் கல் சட்டத்தைத் தாண்டுவதுபோலத் தெரிகிறது. ஆனால் அந்தக் கல் மனித உயிர்களால் ஆனது. அங்கேயும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் அனிமேவுக்கு இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் அது நல்ல அனிமேவாக இருக்கலாம், நல்ல செட் ஆகாது. வேறொன்றைத் தேடுங்கள்.

படி 3: நிறங்களைப் பிரித்துக் கொடுங்கள்

மேஜிக்கின் ஐந்து நிறங்களும் ஐந்து மனப்போக்குகள். வெள்ளை ஒழுங்கு, கூட்டம். நீலம் அறிவு. கறுப்பு தன் ஆசை. சிவப்பு உணர்ச்சி, வேகம். பச்சை இயற்கை, இருப்பதை ஏற்பது.

அடிக்கடி நேரும் தவறு: சக்தியைப் பார்த்து நிறம் கொடுப்பது. 'தீ வைக்கிறான், எனவே சிவப்பு.' ராய் மஸ்டாங்கை அப்படி முடித்துவிடலாம்தான். ஆனால் அவருக்கு வேண்டியது தீ அல்ல. நாட்டின் தலைமைப் பதவி, தனக்குக் கீழே உள்ளவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு. எனவே அவர் வெள்ளையும் சிவப்பும். பாத்திரம் எதை வைத்துச் சண்டை போடுகிறது என்று பார்க்காதீர்கள்; எதற்காகப் போடுகிறது என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'ஃபாதர்' நல்ல உதாரணம். பெரிய வில்லன் என்றால் கை தானாகக் கறுப்புக்குப் போகும். ஆனால் ஃபாதர் தன்னிடமிருந்த ஏழு இச்சைகளையும் பிரித்தெடுத்துத்தான் ஏழு ஹோமங்குலஸ்களை உண்டாக்கினார். கறுப்பு எல்லாம் வெளியே போய்விட்டது. மிச்சம் இருப்பது எல்லாவற்றையும் அறிந்து முழுமையடைய வேண்டும் என்ற வெறி. அவர் நீலம். அந்த ஏழு பேர் கறுப்பு.

படி 4: சட்டகம் போடுங்கள்

மேஜிக்கின் 2009 'ஜெண்டிகார்' செட்டில் 249 கார்டுகள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நான்கு பேர் டிராஃப்ட் ஆட 100 வேறு வேறு கார்டுகள் போதும்:

1. காமன் 55: நிறத்துக்கு 10, ஆர்ட்டிஃபாக்ட் 5.
2. அன்காமன் 30: நிறத்துக்கு 4, இரு நிறச் சேர்க்கைகள் பத்துக்கும் தலா ஒன்று.
3. ரேர் 15: நிறத்துக்கு 3.

காமனை 2 பிரதி, அன்காமனை 2 பிரதி, ரேரை 1 பிரதி அச்சிட்டால் மொத்தம் 185. ஒரு பாக்கெட்டில் 9 காமன், 3 அன்காமன், 1 ரேர். ஆளுக்கு 3 பாக்கெட், நான்கு பேருக்கு 12. அதற்கு 108 காமன், 36 அன்காமன், 12 ரேர் வேண்டும். எல்லாம் கையிருப்புக்குள் அடங்குகிறது. ஆளுக்கு 39 கார்டு வரும். 40 கார்டு டெக்கில் 17 லேண்ட் போக 23தான் தேவை. எனவே பிடிக்காததை ஒதுக்கவும் இடம் உண்டு. லேண்டுகளுக்குப் பழைய மேஜிக் கார்டுகளே போதும்.

இப்போது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 100 வரிகளுக்கும் எண் கொடுங்கள். 'கா-வெ-01' என்றால் காமன், வெள்ளை, முதல் இடம். பெயர் எழுதாதீர்கள். 'விலை 2, சின்ன கிரியேச்சர்', 'விலை 3, எதிரி கிரியேச்சரை அழிக்கும் ஸ்பெல்' என்று வேலையை மட்டும் எழுதுங்கள். நிறத்துக்கு 10 காமன் என்றால் 6 கிரியேச்சர், 4 ஸ்பெல் நல்ல தொடக்கம். அந்த ஆறில் குறைந்தது மூன்று, விலை 3-க்குள் இருக்கட்டும். இல்லையென்றால் முதல் மூன்று திருப்பமும் எல்லாரும் லேண்ட் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

குறிப்பு: சட்டகம் போட்டுவிட்டால் பல தலைவலிகள் தானே தீரும். ஹோமங்குலஸ் ஏழு பேர், நிறமோ ஐந்து. பங்கு போட வராது. ஆனால் கறுப்பு கலந்த இரு நிறச் சேர்க்கைகள் நான்கு, கறுப்பு ரேர் மூன்று. கூட்டினால் ஏழு. ராத் வெள்ளை-கறுப்பு, என்வி நீலம்-கறுப்பு, கிரீட் கறுப்பு-சிவப்பு, கிளட்டனி கறுப்பு-பச்சை. லஸ்ட், ஸ்லாத், பிரைட் மூவரும் தனிக் கறுப்பு.

படி 5: செட்டின் விதிகள், இரண்டுக்கு மேல் வேண்டாம்

முதல் விதி 'பரிமாற்றம்': இந்த ஸ்பெல்லைப் போடும்போது உங்கள் ஆர்ட்டிஃபாக்ட் ஒன்றை பலி கொடுக்கலாம், கொடுத்தால் பெரிய விளைவு. 2023-ல் வந்த 'வைல்ட்ஸ் ஆஃப் எல்ட்ரெய்ன்' செட்டின் 'பார்கெய்ன்' விதிக்கு இது மிக நெருக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானோர் ஆடித் தேய்த்த விதி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் வைக்கும்போது மட்டும் ஒரு தேடல் போடுங்கள். 'டிரான்ஸ்மியூட்' என்று வைக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். அது 2005-ல் வந்த 'ராவ்னிகா' செட்டிலேயே வேறு விதிக்குப் பெயராகிவிட்டது.

பலி கொடுக்கச் சரக்கு வேண்டுமே? 'மூலப்பொருள்' என்ற ஆர்ட்டிஃபாக்ட் டோக்கன். சில காமன் கார்டுகள் இறங்கும்போது ஒரு மூலப்பொருளையும் தரும். எத்தனை கார்டுகள் தர வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், கணக்கு போடுங்கள். 55 காமனில் 11 கார்டு தந்தால், பாக்கெட்டின் 9 காமனில் சராசரியாக 9 × 11 ÷ 55 = 1.8 கார்டு வரும். பலி கேட்கும் காமன் 8 என்றால் 1.3. தருவது கேட்பதைவிடக் கொஞ்சம் கூட இருக்கட்டும். தலைகீழானால் கையில் ஸ்பெல் இருக்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது.

இரண்டாவது விதி 'உயிர்க்கல்', ஹோமங்குலஸ்களுக்கு மட்டும். கதையில் அவர்களை ஒரு தடவை கொன்றால் போதாது. உள்ளே இருக்கும் கல் தீரும்வரை மீண்டும் மீண்டும் எழுவார்கள். மஸ்டாங் லஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எரிப்பது அதனால்தான். எனவே கார்டு சில உயிர்க்கல் கவுண்ட்டர்களோடு வருகிறது. சாகும்போது சாவுக்குப் பதில் ஒரு கவுண்ட்டர் போகிறது.

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் வரைவு இப்படித்தான் வரும்: 'கவுண்ட்டர் இருக்கும்வரை, இது கல்லறைக்குப் போவதானால், அதற்குப் பதில் ஒரு கவுண்ட்டரை நீக்கு.' படிக்க நன்றாக இருக்கிறது. இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

1. பலி ஓட்டை. பலி கொடுத்தாலும் கல்லறைக்குத்தான் போகும். ஆர்ட்டிஃபாக்டாக மாற்றப்பட்ட ஹோமங்குலஸை பரிமாற்றத்துக்குக் கொடுத்தால் ஒரு கவுண்ட்டர்தான் போகும், கார்டு மேசையிலேயே நிற்கும். சமப் பரிமாற்றம் பற்றிய செட்டில் ஓசிப் பரிமாற்றம்!
2. சேத ஓட்டை. கவுண்ட்டர் போன பிறகும் பட்ட சேதம் அப்படியே இருக்கிறது. விதி உடனே மறுபடி சரிபார்க்கும், மறுபடி ஒரு கவுண்ட்டர், மறுபடி ஒன்று. மூன்று கல்லும் ஒரே அடியில் காலி.

திருத்திய வாசகம்: 'உயிர்க்கல் இருக்கும்வரை, இது அழிக்கப்படுவதானால், அதற்குப் பதில் ஒரு உயிர்க்கல்லை நீக்கு; இதன்மேல் உள்ள சேதம் முழுவதையும் நீக்கு.' மேஜிக்கில் பலி கொடுப்பது 'அழிப்பது' ஆகாது. எனவே முதல் ஓட்டை அடைபடுகிறது. இரண்டாவது, கடைசித் தொடரால். ஒவ்வொரு புது விதியையும் செட்டின் மற்ற விதியோடு இப்படி முட்டவிட்டுப் பாருங்கள்.

கவுண்ட்டர் 3-க்கு மேல் போகக் கூடாது. எதிராளி ஒரே ஆளை நான்கு தடவை கொல்ல வேண்டியிருப்பதே அதிகம். ராத்துக்கு மட்டும் பூஜ்யம். அவருக்குள் இருப்பது ஒரே உயிர், காயம் தானாக ஆறாது, வாள்தான் எல்லாம். விலை 4-க்கு 4/3, முதல் தாக்கு. மற்ற ஆறு பேருக்கும் கல் இருக்க, இவருக்கு இல்லாததே இவருடைய கதையைச் சொல்லிவிடுகிறது. தனியாக வசனம் வேண்டியதில்லை.

படி 6: காமன் கார்டுகள்

செட்டின் முகம் காமன்தான். பாக்கெட்டின் 13 கார்டில் 9 அது. கதையில் பெயரில்லாமல் நிற்பவர்களை இங்கே கொண்டுவாருங்கள்: அமெஸ்ட்ரிஸ் ராணுவச் சிப்பாய், பிரிக்ஸ் கோட்டைக் காவலர், ரஷ் வேலி ஊரின் ஆட்டோமெயில் மெக்கானிக், இஷ்வால் அகதி, ஜிங் நாட்டு மெய்க்காப்பாளர். ஒரு கார்டில் ஒரே வேலை. விதி வாசகம் மூன்று வரியைத் தாண்டினால் அதை அன்காமனுக்கு மாற்றுங்கள்.

சில காமன்களில் விதி வாசகமே இல்லாமல் வெறும் 2/2, 3/3 போட்டு விடலாம். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். மேசையில் பன்னிரண்டு கார்டும் பேசிக்கொண்டே இருந்தால் ஆடுபவருக்குத் தலை சுற்றும்.

படி 7: இப்போது பாத்திரங்கள்

மீதமிருக்கும் இரு நிற இடங்கள் ஆறு. எட்வர்ட் நீலம்-சிவப்பு: அறிவும் முன்கோபமும். அல்ஃபோன்ஸ் வெள்ளை-நீலம், கூடவே ஆர்ட்டிஃபாக்ட் கிரியேச்சர். அப்படியானால் அல்ஃபோன்ஸையே பரிமாற்றத்துக்குப் பலி கொடுக்கலாம் என்று கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். மஸ்டாங் வெள்ளை-சிவப்பு, மே சாங் வெள்ளை-பச்சை, ஸ்கார் சிவப்பு-பச்சை, ஹோஹன்ஹெய்ம் நீலம்-பச்சை.

ஹீரோ அன்காமனா என்று ரசிக நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அன்காமனில் இரண்டு பிரதி இருக்கிறது. 15 ரேரில் 12தான் ஒரு டிராஃப்டில் திறக்கும். தவிர எட்வர்ட் ஆட்டத்தை முடித்துவைப்பவன் அல்ல, ஆடவைப்பவன். முடித்துவைக்கிற வேலை ஃபாதர், இசுமி, ஒலிவியே ஆம்ஸ்ட்ராங் போன்ற ரேர்களுக்கு.

அடிக்கடி நேரும் தவறு: ஒரு பாத்திரத்தைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே கார்டில் திணிப்பது. மஸ்டாங்கின் கையுறை நனைந்தால் தீ வராது என்பது ரசிகர்களுக்குப் பிடித்த விஷயம். அதை அவர் கார்டிலேயே நிபந்தனையாக எழுதினால் ஐந்து வரி ஆகும். அதை எடுத்து 'மழை நாள்' என்று நீலத்தில் ஒரு மலிவான ஸ்பெல் ஆக்குங்கள்: ஒரு கிரியேச்சரின் திறன்களை இந்தத் திருப்பத்தில் பயன்படுத்த முடியாது. மஸ்டாங்குக்கு எதிராக யாராவது அதைப் போடும்போது மேசையே சிரிக்கும்; யாரையும் எதிர்த்துப் போடவும் உதவும்.

டக்கரின் கைமேராவுக்குக் கணக்கு வேறு. இரண்டு கிரியேச்சரைக் கொடுத்தால் ஒரு 3/3. நஷ்டக் கணக்கு, அப்படியே இருக்கட்டும். அந்தக் கார்டை லாபமாக்கிவிட்டால் அனிமேவைத் தவறாகப் படித்தவர் ஆகிவிடுவீர்கள்.

படி 8: துண்டுக் காகித ஆட்டம்

படம், வடிவம், மென்பொருள் எதையும் தொடுவதற்கு முன்:

1. வெள்ளைத் தாளைக் கார்டு அளவுக்கு வெட்டி, பெயர், விலை, பலம், விதி மட்டும் பேனாவால் எழுதுங்கள்.
2. ஸ்லீவுக்குள் பழைய கார்டு ஒன்றை வைத்து அதன்மேல் இதைச் செருகுங்கள்.
3. முதலில் இருவர், தயார் டெக்கோடு. பிறகு நால்வர், முழு டிராஃப்ட்.
4. ஆடுபவர் கார்டைப் படிக்கும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் கேட்டால் அந்தக் கார்டில் ஒரு புள்ளி வையுங்கள்.
5. ஒவ்வொரு பாக்கெட்டிலும் கடைசியாக எடுக்கப்பட்ட கார்டு எது என்று குறியுங்கள். 'எந்தக் கார்டு பிடிக்கவில்லை?' என்று கேட்டால் நண்பர்கள் மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். கடைசியில் கிடந்த கார்டு பொய் சொல்லாது.

ஒரு கார்டு பலமாக இருந்தால் முதலில் விலையை 1 கூட்டுங்கள். விதி வாசகத்தில் கை வைப்பது கடைசி வழி. ஒரு வார்த்தை மாறினால் வேறு பத்து கார்டோடு அதன் உறவு மாறும்.

படி 9: எழுத்தும் படமும்

கார்டு உருவாக்க 'மேஜிக் செட் எடிட்டர்' இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் விதி எழுத ஆசை என்றால் முதலில் சொற்பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். ஒரு கார்டில் 'பலி கொடு', இன்னொன்றில் 'தியாகம் செய்' என்று வந்தால் அவை இரண்டு விதிகளா என்று சண்டை வரும். தமிழ் வாக்கியம் நீளமாக ஓடும். அதைச் சமாளிக்க எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வாசகத்தைக் குறையுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவையும் உள்ளே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கடைக் கணினியில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

அனிமே சட்டகம் 16:9. கார்டின் படக் கட்டம் ஏறக்குறைய 4:3. இரு பக்கமும் வெட்டுப்படும் என்பதால் ஆள் நடுவில் இருக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் ரசிகர்கள் வரைந்த படங்களை அவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நீங்களே கோட்டோவியமாக வரைந்தால் இன்னும் நல்லது.

சட்டப் பாதுகாப்பு: கதையும் பாத்திரங்களும் உங்களுடையவை அல்ல; மேஜிக்கும் அல்ல. செட்டை வீட்டில், நண்பர்களோடு ஆடுவதோடு நிறுத்துங்கள். செலவுக் காசு என்ற பெயரில்கூட விற்காதீர்கள். விசார்ட்ஸ் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கையே இலவசமாக இருக்க வேண்டும், நிறுவன முத்திரை இருக்கக் கூடாது என்கிறது. மேஜிக்கின் பின்பக்க வடிவத்தை ஒருபோதும் அச்சிடாதீர்கள். பின்பக்கமும் சேர்ந்தால் அது போலிக் கார்டு.

படி 10: அச்சும் வெட்டும்

கார்டு அளவு 63 × 88 மில்லிமீட்டர். 300 டிபிஐ-யில் ஏறக்குறைய 744 × 1039 பிக்ஸல். ஏ4 தாளில் 3 × 3 ஆக ஒன்பது கார்டுகள் இடைவெளி இல்லாமல் அடங்கும். 185 கார்டுக்கு 21 தாள். எல்லாக் கார்டுக்கும் ஒரே கறுப்பு பார்டர் வைத்தால் வெட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

1. கடையில் பிரிண்ட் சொல்லும்போது '100 சதவீத அளவு, தாளுக்குப் பொருத்த வேண்டாம்' என்று சொல்லுங்கள். பொருத்தினால் கார்டு சுருங்கும்.
2. முதலில் ஒரே ஒரு தாள். உண்மையான கார்டு ஒன்றை மேலே வைத்து அளவு பாருங்கள். சரியானால் மீதி 20.
3. தடித்த அட்டை தேவையில்லை. 100 ஜிஎஸ்எம் தாளை 62 × 87 ஆக வெட்டி, பழைய கார்டோடு ஸ்லீவில் செருகினால் போதும். பின்பக்கம் தெரியாத ஒரே நிற ஸ்லீவாக இருக்க வேண்டும். பாதிக் கார்டு அட்டை, பாதி தாள் என்று கலந்தால் கைத் தடிப்பிலேயே கார்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.
4. கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு. பிளாஸ்டிக் ஸ்கேல் கூடாது. பிளேடு அதை அறுத்துக்கொண்டு விரலுக்கு வரும்.
5. ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். லேசாக இரண்டு மூன்று இழுப்பு. ஸ்கேலைப் பிடிக்கும் கை பிளேடின் பாதையிலிருந்து தள்ளி இருக்கட்டும். மழுங்கிய பிளேடுதான் அதிகம் வழுக்கும்; முனை தேய்ந்ததும் உடைத்து, பழைய முனையை ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள்.
6. வெட்டுவது பெரியவர் வேலை. சிறுவர்களுக்கு ஸ்லீவில் செருகும் வேலையைக் கொடுங்கள்.

கார்டின் கீழ் ஓரத்தில் சட்டக எண்ணையும் பதிப்பு எண்ணையும் சிறிதாகப் போடுங்கள்: 'கா-வெ-01, ப1'. முதல் டிராஃப்ட் முடிந்ததும் எந்தக் கார்டுகளை மாற்ற வேண்டும் என்று பட்டியல் வரும். உடனே அச்சுக்கு ஓடாதீர்கள். மாற்ற வேண்டியது பிரதியோடு சேர்த்து ஒன்பது சேரும்வரை பேனாவால் திருத்தியே ஆடுங்கள். ஒன்பது சேர்ந்ததும் 'ப2' என்று ஒரே ஏ4-ல் அச்சிட்டு, பழையவற்றை ஸ்லீவிலிருந்து உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகுங்கள்.